காலம் ஓட்டுதல்

தமிழ் முதுகலையில் சேர்வதற்கு முன் ஓராண்டு நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். என் மாணவர்கள் இதை அறியமாட்டார்கள்.

இளங்கலை வரை ஆய்வகம் என்றால் பியூரெட்டும் பிப்பெட்டும்தான். அளவு பிசகினால் அருகிலிருப்பவனின் நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வோம். மேற்படிப்பில் அந்த வழி அடைபட்டது. கலவையிலிருந்து பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் வண்ணப்பிரிகை முறையைக் கற்க, ஆளுக்கொரு கண்ணாடிக் குழாய் தந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் 'காலம்' என்று பெயர். 'இன்று காலம் ஓட்ட வேண்டும்' என்று நண்பர்கள் பேசிக்கொள்கையில் எனக்கு மட்டும் சிரிப்பு வரும். தமிழ்ப் புத்தி அப்போதே விழித்திருந்தது போலும்.

குழாயின் அடியில் பஞ்சு, அதன்மேல் சிறிது மணல். சிலிக்கா ஜெல்லை ஹெக்சேனில் கூழாகக் கலக்கி, காற்றுக்குமிழி அகப்படாமல் ஊற்றி, மெல்லத் தட்டிப் படியவிட வேண்டும். உச்சியில் கீரையிலிருந்து எடுத்த நிறச்சாறு. முதலில் கரோட்டின் மஞ்சளாக இறங்கும். எத்தில் அசிட்டேட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் பச்சையம் அசையும். ருஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெத் இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழாயில் இப்படிப் பிரித்து, 1906இல் இம்முறைக்குப் பெயரும் வைத்தார். ருஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் நிறம். இதை நான் அறிந்தது தமிழ்த்துறைக்கு வந்த பிறகுதான்.

விதிகளுள் கடுமையானது ஒன்றே: கரைப்பானின் மட்டம் சிலிக்காவுக்குக் கீழே இறங்கலாகாது. நான் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பியபோது வெண்ணிறப் பத்தி காய்ந்து வெடித்திருந்தது. பதறிப்போய்க் கரைப்பானை ஊற்ற, மஞ்சளும் பச்சையும் வெடிப்பின் வழியே ஒன்றாக ஒழுகின. மீண்டும் தொடங்க நேரமில்லை. நண்பனின் அளவுகளை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். பேராசிரியர் கையெழுத்திட்டுவிட்டு, என் மேசையிலிருந்த சோதனைக்குழாய்களை ஒருமுறை நோக்கினார்.

"உன் கரோட்டின் எங்கேப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கையெழுத்தை அடிக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு நான் அங்கே போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் தமிழ்மேல் கொண்ட காதல் என்று சொல்லிவந்தேன். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

சென்ற வாரம் ஒரு மாணவி பாடவேறுபாடு குறித்த கட்டுரையைக் கொடுத்தாள். சுவடிகளை ஒப்பிட்டுத் தொகுத்ததாக முன்னுரையில் எழுதியிருந்தாள். அத்தனையும் ஒரு பழைய பதிப்பின் அடிக்குறிப்புகள், அச்சுப்பிழைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. "சுவடியை எங்கேம்மா பார்த்தாய்?" என்றேன். தலை கவிழ்ந்து நின்றாள்.

கட்டுரை என் மேசைமீது கிடக்கிறது. நான் இன்னும் கையெழுத்திடவில்லை.