மரமும் நரம்பும்

அரபு மொழியில் 'ஊத்' என்றால் மரம் என்று பொருள். நரம்புக் கருவி ஒன்றுக்கும் அதுவே பெயர். அகராதி பார்க்கப் பழகும் மாணவர்களுக்கு இச்சொல்லை எடுத்துக்காட்டுவது நமது வழக்கம். ஐரோப்பியர் 'லூட்' என்றழைக்கும் கருவியின் பெயர் 'அல்-ஊத்' என்பதன் மரூஉவேயாகும். கிதார் என்னும் பெயரோ கிரேக்கரின் 'கிதாரா'விலிருந்து வந்தது. கி.பி. 822-இல் குர்துபா நகரை அடைந்த ஸிர்யாப், ஊதுக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். நமது தமிழும் இதில் பின்தங்கியதன்று. குமிழங்கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டிய வில்யாழை ஆயன் ஒருவன் இசைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது.

இவையெல்லாம் நமக்கு ஏட்டளவில் இருந்த செய்திகள். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இவற்றைக் கண்ணெதிரே காட்டினார். பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வேலை. மாலையில் பூந்தமல்லி வீட்டின் கொல்லைப்புறத்தில் கிதார் செய்கிறார். அதுவும் அயல்நாட்டுப் பலகை வாங்கியன்று. நம் மண்ணின் மரங்களைக் கொண்டு.

ஒருநாள் அவருடைய அத்தா நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், மகனுக்குக் கைத்திறன் இருக்கிறது. ஆனால் இது ஆகுமான தொழில்தானா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவான்" என்றார். குரலில் கோபமில்லை, கவலையே இருந்தது.

அவருக்கு நாம் மறைக்காது சொன்னோம். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளைத் தடுத்தே உரைத்துள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் இசை கேட்டல் குறித்துத் தனிப் பகுதியே வகுத்து, பலவற்றை அனுமதித்தபோதிலும், மது அருந்துவோரின் அடையாளம் என்பதால் நரம்புக் கருவிகளை விலக்கினார். ஸ்பெயினின் இப்னு ஹஸ்மோ, தடை கூறும் அறிவிப்புகள் வலுவற்றவை என்று வாதிட்டார். "இத்தனை பெரியோர் கருத்து வேறுபட்ட இடத்தில், ஒரு சொல்லால் உங்கள் மகனின் கையைக் கட்ட நமக்குத் துணிவில்லை. முதலில் அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்" என்று அவருடன் சென்றோம்.

2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயல் சென்னையிலும் புறநகரிலும் சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலானவை விறகாயின. உறவினர் தோட்டத்தில் விழுந்த பலாவையும் பூவரசையும் மாணவர் அறுத்து, நிழலில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உலர்த்தியிருக்கிறார். பலா முதுகுக்கும் பக்கங்களுக்கும், பூவரசு கழுத்துக்கு, குமிழ் மேற்பலகைக்கு. மேற்பலகை மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாது. பக்கப் பலகையை நீரில் நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயில் அழுத்தி, இடுப்பு வளைவை வாங்குகிறார். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும்.

"பலாவில் கிதாரா?" என்று நாம் வியந்தபோது, "தஞ்சாவூர் வீணை பலாவில்தானே ஹஜ்ரத்" என்றார். உண்மையே. ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. மெழுகின்மேல் 24 மெட்டுகள் பதிப்பார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கருவியின் நாதம் பெரிதும் மேற்பலகையிலேயே உள்ளது என்று காட்ட, ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்து ஒரு கிதார் படைத்தார் என்பதையும் மாணவரே நமக்குச் சொன்னார்.

அப்போதுதான் அத்தா அறியாத செய்தி ஒன்று வெளிவந்தது. உலகக் கிதார்களில் பெயர்பெற்றது நமது ஈட்டி மரம். பிரேசில் நாட்டு ஈட்டி அரிதானபின், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. தேவை பெருகியது, காடு மெலிந்தது. தனியார் நிலத்து ஈட்டியையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்று தமிழகம் 1994-இல் சட்டமியற்றியது. 2017 முதல் அம்மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. இம்மாணவரிடம் ஒருவர் சீட்டில்லாத ஈட்டிப் பலகைகளைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தாராம். அவற்றால் செய்தால் இருமடங்கு விலை கிடைக்கும். மாணவர் வாங்கவில்லை. "எங்கிருந்து வெட்டியது என்று கேட்டேன். பதில் வரவில்லை, அனுப்பிவிட்டேன்" என்றார், உளியைத் தீட்டிக்கொண்டே.

திரும்பும் வழியில் அத்தாவிடம் சொன்னோம்: "நரம்பைப் பற்றி இமாம்களிடையே பேச்சுண்டு. திருட்டு மரத்தைப் பற்றி எந்த இமாமிடமும் இரண்டாம் பேச்சில்லை. உங்கள் மகன் அந்த இடத்தில் தவறவில்லை."

அவர் விடை கூறவில்லை. மகனின் தொழிலுக்கு அவர் இன்றும் முழுமனதாக இசைந்தார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சென்ற மாதம் ஆவடிப் பக்கம் வீடு இடிக்கும் ஓரிடத்தில் பழைய பலா நிலைச்சட்டங்கள் கிடப்பதாக, அவரே மகனுக்குச் செய்தி சொல்லியனுப்பினார்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் புதிய தொழில் ஒன்றைக் கையிலெடுத்தால், ஆகுமா ஆகாதா என்று கேட்பது நமது கடமை. அத்துடன், பொருள் எங்கிருந்து வந்தது, எவர் உரிமை அதில் கலந்தது என்றும் சேர்த்துக் கேட்போமாக.