படத்துக்குள் சிரித்தவர்கள்

சென்ற மாரியில் அம்மாவின் படத்துக்கு ஒரு பிரேம் தேடி ஈஸ்ற்ஹாமில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். நாலு பவுணுக்கு நல்ல மரப் பிரேம் ஒன்று கிடைத்தது. அதற்குள் ஒரு பழைய அச்சுப்படம் இருந்தது. பெரிய வீடொன்றின் குசினி. வேலைக்காரர்கள் எசமானின் வைனைக் குடிக்கிறார்கள். ஒருவன் பிடில் வாசிக்கிறான். ஒருத்தி எசமானியின் தொப்பியை வைத்துக்கொண்டு ஆடுகிறாள். கீழே ‘ஹை லைஃப் பிலோ ஸ்ரெயர்ஸ்’ என்றிருந்தது. மாடிக்குக் கீழே மகாராச வாழ்வு என்று சொல்லலாம். பார்த்ததும் நானும் சிரித்தேன்.

பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அது ஒரு நகைச்சுவை நாடகத்தின் பெயர். ஜேம்ஸ் ரவுன்லி என்ற மதகுரு எழுதி, 1759 இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேடையேறியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த பணக்கார இளைஞன் ஒருவன், வேலைக்காரர்கள் தன்னை ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகித்து, நாட்டுப்புறத்துப் பெடியனாக வேடம் போட்டுத் தன் வீட்டிலேயே வேலைக்குச் சேருகிறான். அவர்கள் தன் வைனைக் குடித்துக் கும்மாளம் போடுவதைக் கண்டுபிடிக்கிறான். மேலே இருந்தவர்கள் நாடகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எடின்பரோவில் வேலைக்காரர்கள் கூச்சலிட்டு நாடகத்தையே குழப்பினார்கள். ஓவியர்களும் அதே பெயரில் படங்கள் கீறினார்கள்.

அந்தக் காலத்தில் மேற்கிந்தியச் செல்வம் எங்கிருந்து வந்தது? கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையிலிருந்து. நாடகம் தேடியதோ வைன் போத்தலைத் திருடியவனை மட்டும்தான்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது.

1994. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். எங்கள் வீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு நின்றாள். 1977 கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பம். சம்பளம் தகப்பனின் கைக்குப் போகும். என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆனாலும் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நல்லூர்த் தேரன்று எல்லோரும் கோயிலுக்குப் போய், நினைத்ததைவிட வேளைக்குத் திரும்பிவிட்டோம். முற்றத்தில் பாட்டுச் சத்தம். பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெடியன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் கசற் போட்டுக்கொண்டிருந்தான். அவள் அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு ஆடினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அம்மம்மா விறகுக் கட்டையை எடுத்தா. நான் கெட்டிக்காரன் மாதிரி, “சீனியையும் இவள்தான் எடுத்துத் தின்னுறவள்” என்றேன். பொருளாதாரத் தடைக் காலத்துச் சீனி. அதில் பாதியைத் தின்றது நான். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் சீனிக்காசு கழிபட்டது.

போன நத்தாருக்கு முதல்நாள் இரவு, பக்டரியில் சுப்பவைசர் போனபிறகு, தலையில் வலைத்தொப்பியோடு நாங்கள் கேக் வெட்டி, போனில் பாட்டுப் போட்டு ஆடினோம். தமிழர், போலந்துக்காரர், கானாக்காரர் எல்லோரும். கமராவில் பார்த்துவிட்டு ஆளுக்கு அரை மணித்தியாலச் சம்பளத்தை வெட்டினார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது கோபம் என் பக்கமே திரும்பியது.

ஹோகார்த் என்ற லண்டன் ஓவியர் 1750களில் தன் வேலைக்காரர் ஆறு பேரின் முகங்களை ஒரே படத்தில் கீறினார். அது ரேற் கலைக்கூடத்துக்குச் சொந்தமானது. அதில் கேலி இல்லை, முகங்கள் மட்டும்தான். எங்கள் வீட்டு அல்பத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு முகமும் இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? ஊரில் தனித்திருக்கும் தாய் தகப்பனுக்கு இங்கிருந்து காசு அனுப்பி நாங்கள் உதவிக்கு ஆள் வைக்கிறோம். பிழையில்லை. இலங்கையில் 2021 இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 16 ஆக்கினார்கள். அதே ஆண்டு யூலையில், கொழும்பில் வீட்டுவேலை செய்த டயகமச் சிறுமி ஒருத்தி எரிகாயங்களோடு ஆசுப்பத்திரியில் இறந்தாள். ஆகவே ரெலிபோனில் மருந்தையும் சாப்பாட்டையும் விசாரிக்கும்போது, அந்தப் பிள்ளைக்கு என்ன வயது, சம்பளம் யாருடைய கைக்குப் போகிறது, கிழமையில் ஒருநாளாவது லீவு உண்டா என்றும் கேளுங்கள்.

அம்மாவின் படத்துக்கு வேறு பிரேம் வாங்கினேன். பழைய படம் குசினிச் சுவரில் தொங்குகிறது. “இவையள் ஏன் அப்பா சிரிக்கினம்?” என்று மகள் கேட்டாள். அந்த அக்காவின் கதையைச் சொன்னேன். சீனியைத் தின்றது யார் என்பதையும் சொன்னேன்.