அறை வாடகை என்ற ஒரு வரி

அப்பாவின் அறுவை சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆன அன்று, பில்லைப் பார்த்துத் திகைத்து நின்றேன். 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு இருந்தது. மொத்தச் செலவும் அதற்குள்தான். ஆனாலும் பெரிய தொகையை நாங்களே கட்ட வேண்டியிருந்தது.

காரணம், பாலிசியில் இருந்த ஒரே ஒரு வரி. அறை வாடகை, நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரைதான். அதாவது 3,000 ரூபாய். அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று 6,000 ரூபாய் அறையை எடுத்திருந்தோம். கூடுதல் வாடகையை மட்டும் கட்டினால் போதும் என்று நம்பியிருந்தேன். அப்படியில்லை. மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைத்துவிட்டார்கள். அவற்றில் பாதிதான் கிடைத்தது. மருந்துக்கும் பரிசோதனைகளுக்கும் அந்த வெட்டு இல்லை என்பதே ஆறுதல்.

அன்றிரவுதான் பாலிசியை முதன்முறையாக முழுசாகப் படித்தேன்.

உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அறை வாடகை வரம்பு எவ்வளவு? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை வருடம்? 2024 விதிகளின்படி அது 3 வருடத்தைத் தாண்டக் கூடாது. புதிய பாலிசி ஒத்துவராது என்று தோன்றினால், கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கிளைம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது எதையும் படிக்க மனசு இருக்காது. இப்போதே படித்துவிடுங்கள்.