தங்கம் தோண்டிய ஊர்கள்

மார்ச் வந்தால் ராத்திரி கண்விழித்து அலாஸ்கா நாய்வண்டிப் பந்தயம் பார்ப்பேன். "கே.ஜி.எஃப்.காரனுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்று வீட்டில் சிரிப்பார்கள்.

பந்தயம் முடியும் நோம், நம்ம கோலார் தங்கவயல் மாதிரியே தங்கத்தால் எழும்பிய ஊர். 1925-ல் அங்கே தொண்டை அடைப்பான் பரவியபோது, சுமார் 1,085 கி.மீ. கைமாற்றிக் கைமாற்றி மருந்து கொண்டுபோனவை நாய்வண்டிகள். ஆங்கரேஜிலிருந்து நோமுக்கு ஓடும் இந்த இடிடராட் பந்தயம் 1973-ல் தொடங்கியது.

கைதட்டல் வண்டி ஓட்டுகிறவருக்கு. பனி விழுமுன் மோட்டார் வண்டியில் பூட்டி நாய்களைப் பழக்குவது, கழிவு அள்ளுவது, விரலிடுக்கில் பனிக்கட்டி சேராமல் நாலு பாதத்துக்கும் துணியுறை மாட்டுவது எல்லாம் கொட்டில் வேலைக்காரர்கள். அவர்கள் பேர் மட்டும் வெளியே வராது.

எங்க ஊர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூணு கிலோமீட்டர் ஆழம் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.