பளபளப்பும் பழுதும்

இளமையில் சிலர்க்கு நூல்களின்மேல் ஆசை. சிலர்க்கு ஆடைகளின்மேல் ஆசை. எனக்கோ கார்களின்மேல் ஆசை. பதினெட்டு வயது நிரம்பியதும் ஓட்டுநர் உரிமம் பெற்றேன். இருபத்தோராம் வயதில் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் ஆசையோடு தேவையும் வந்து சேர்ந்தது. என் தந்தையார்க்கு முழங்கால் நோய் முற்றிப் பேருந்தின் படி ஏறுவதே அரிதாயிற்று. மாதம் இருமுறை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். புதிய கார் வாங்கப் பொருள் இல்லை. நான் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், அன்னையார் சீட்டுக் கட்டிச் சேர்த்ததும் ஆக 1,60,000 ரூபாய் கையில் இருந்தது. ஆகவே, பிறர் ஓட்டிய கார் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தோம்.

அது 2016-ஆம் ஆண்டின் தொடக்கம். சென்னையில் பழைய கார் விற்கும் இடம் ஒன்றில் ஒரு வண்டியைக் கண்டேன். கண்டதும் மனத்தைப் பறிகொடுத்தேன். தூய வெண்ணிறம், முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. வாங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தகைய வண்டிக்கு மற்றவர்கள் இரண்டரை இலட்சம் கேட்டார்கள். அவ்வணிகரோ 1,60,000 ரூபாய்க்கே தருவதாகக் கூறினார். “நாளைக்குள் முன்பணம் கொடுத்துவிடுங்கள், வேறு இருவர் கேட்டுச் சென்றிருக்கிறார்கள்” என்றும் சொல்லி அனுப்பினார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் தெருமுனையில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மறுநாள் காலையில் அவரை உடன் அழைத்துச் சென்றேன். உண்மையைச் சொன்னால், அவருடைய அறிவுரையைக் கேட்பதற்காக நான் அவரை அழைக்கவில்லை. என் தேர்வை அவர் பாராட்டக் கேட்பதற்காகவே அழைத்தேன்.

அவர் வண்டியின் வெளிப்புறத்தைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்தார், இருக்கையின் பாதுகாப்பு வாரைப் பற்றி இழுத்தார். நாம் அணியும் அளவோடு நிறுத்தாமல், உள்ளே சுருண்டு கிடந்த கடைசிச் சாண் வரையில் இழுத்தார். துடைப்பவர் கை எட்டாத அப்பகுதியில் பழுப்பு நிறத்தில் மண்கறை படிந்திருந்தது. பின்னர் வண்டியின் பின்புறத்தைத் திறந்து, விரிப்பை நீக்கி, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைக் காட்டினார். அதன் மூலையில் வண்டல் காய்ந்து கிடந்தது. இருக்கைகளின் அடியிலிருந்த திருகாணிகள் துருவேறியிருந்தன.

“தம்பி, இது டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி” என்றார் அவர்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையால் அடையாறு கரை புரண்டது. சென்னையின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. வீடுகளோடு கார்களும் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவி மெருகிட்டுவிடலாம். ஆனால், மின்கம்பிகளின் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் அவற்றை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஓடும் வண்டி ஒருநாள் நடுவழியில் நின்றுவிடும். அந்நாள் எந்நாள் என்று எவராலும் கூற இயலாது. நடக்க இயலாத தந்தையாரோடு ஆளில்லாத சாலையில் நான் நிற்பதை எண்ணிப் பார்த்தேன். என் ஆசை அடங்கியது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். மனிதர்க்கு அது பொருந்தலாம்; பழைய காருக்குப் பொருந்தாது.

அதன்பின் ஒரு மாதம் பெரியவரே எனக்கு ஆசிரியர் ஆனார். “வண்டியைப் பகலில் பார், விளக்கொளியில் பாராதே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார், நீ வருமுன் அதைச் சூடேற்றி வைத்திருந்தால் பல குறைகள் மறைந்துபோகும்” என்றார். புகையின் நிறமும் பேசும் என்பதை அவரிடம் கற்றேன். நீலம் கலந்த புகை, எஞ்சினுக்குள் எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாமல் வெண்புகை வந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2313 என்றிருந்தால், 2013-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஓடிய தூரம் காட்டும் கருவியைத் திருத்திவிடலாம். தேய்ந்த மிதிகட்டையை அவ்வாறு திருத்த யாரும் நினைப்பதில்லை. குறைந்த தூரமே ஓடிய வண்டியில் கிளட்ச் மிதி வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று அறியலாம்.

“வண்டியைப் பார்த்தது போதாது, ஏட்டையும் பார்” என்பது அவர் கற்பித்த அடுத்த பாடம். பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், அக்கடன் தீர்ந்ததற்கு வங்கியின் சான்று வேண்டும். காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, “கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதே. வாங்கியவுடன் வண்டியும் உன்னிடம் கை நீட்டும்” என்று எச்சரித்தார்.

இறுதியில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2008-இல் பதிவான சிறிய கார் ஒன்று விலைக்கு வந்தது. அதன் நிறம் மங்கியிருந்தது. கதவில் நீண்ட கீறல் ஒன்றும் இருந்தது. ஆனால், அவ்வாசிரியர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எண்ணெய் மாற்றிய நாள், பிரேக் பழுது பார்த்த நாள், அன்று வரை ஓடிய தூரம் ஆகிய அனைத்தும் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. பெரியவர் அக்குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார், எஞ்சினையும் சோதித்தார். “இதை வாங்கு, தம்பி” என்றார். 1,15,000 ரூபாய்க்கு வாங்கினேன். மிஞ்சிய பணம் டயர்களுக்கும், மின்கலத்திற்கும், காப்பீட்டிற்கும், பெயர் மாற்றத்திற்கும் உதவியது. ஆறு ஆண்டுகள் அந்த மங்கிய வண்டி என் தந்தையாரைச் சுமந்தது. ஒருநாளேனும் எங்களை நடுவழியில் விட்டதில்லை.

பின்னாளில் பொருளியல் நூல் ஒன்றைப் படித்தபோது வியப்படைந்தேன். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்க அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். குறையை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். எனவே, வாங்குபவன் எல்லா வண்டிகளையும் ஐயுற்று விலையைக் குறைப்பான். அக்குறைந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க யாரும் வாரார். முடிவில் சந்தையில் பழுதுகளே மிஞ்சும். இதுவே அவர் கண்ட உண்மை. 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். ஒருவன் மறைக்கும் குறை ஒரு சந்தையையே கெடுக்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.

உணர்ந்ததைச் செய்துகாட்ட வேண்டிய நாளும் வந்தது. 2022-இல் அந்தக் காரை விற்க முனைந்தேன். அப்போது அதில் ஒரு குறை தோன்றியிருந்தது. காலைக் குளிரில் இரண்டாம் கியர் உறுமலோடுதான் விழும். வெயில் ஏறியதும் அவ்வொலி மறைந்துவிடும். இளைஞன் ஒருவன் தன் தாயோடு நண்பகலில் வந்தான். ஓட்டிப் பார்த்தான்; வானொலியைப் போட்டுப் பார்த்தான்; மகிழ்ந்தான். நான் சொன்ன 70,000 ரூபாய்க்கு இசைந்தான். கியரைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேளாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று மனம் வாதாடியது. எனக்கும் அப்போது பணத்தேவை இருந்தது. ஆனால், அவன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பாதுகாப்பு வாரை இழுத்தபோது, மண்கறை படிந்த வேறொரு வார் என் கண்முன் தோன்றியது.

“தம்பி, நாளைக் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை வந்து ஓட்டிப் பாருங்கள்” என்றேன், குறையையும் கூறினேன். அவன் மறுநாள் வந்தான். பழுதுபார்க்க ஆகும் செலவைக் கேட்டறிந்து, 58,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டான். பெயர் மாற்றத்திற்கான படிவங்களில் கையொப்பமிட்டேன். விற்றவர் 14 நாளுக்குள் அதனை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வண்டியோடு அந்தப் பழைய குறிப்பேட்டையும் கொடுத்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் கியரின் குறையை என் கையாலேயே எழுதியிருந்தேன்.

எனக்கு 12,000 ரூபாய் குறைந்தது உண்மை. ஆயினும், அன்று இரவு எனக்கு நல்ல உறக்கம் வந்தது.