வெட்ட வெட்டத் துளிர்க்கும்!

வேலூர்ல ஆரணி பஸ் ஏறினா வழியில வர்ற ஊர் கண்ணமங்கலம். இந்தப் பக்கம்னாலே உங்களுக்குப் பட்டுப் புடவைதான் ஞாபகம் வரும். ஒரு தடவை ஜன்னலோர சீட் பிடிச்சு, கழனிப் பக்கமும் கொஞ்சம் பாருங்க.

அறுவடை முடிஞ்ச கரும்புக் கொல்லை வெறும் கட்டையா நிக்கும். 'அவ்ளோதானா?'ன்னு நினைச்சிடாதீங்க. சில வாரத்துல அதே கட்டையிலிருந்து பச்சைத் துளிர் கிளம்பும். இதுதான் கட்டைக் கரும்பு. புத்தக பாஷையில மறுதாம்பு. புதுசா கரணை வாங்க வேணாம். உழவுக் கூலியும் மிச்சம். நடவுக் கரும்பைவிட சுமார் ஒரு மாசம் முன்னாடியே முத்திடும். முதல் பயிர்ல கடன் அடைச்ச வீட்டுக்கு, கையில நாலு காசு நிக்கிறது இதுலதான்.

சும்மா வருதேன்னு சும்மா விட்டா போச்சு! புதுத் துளிருக்கு ஆரம்பத்துல சொந்த வேர் கிடையாது. பழைய வேர்தான் அதுக்குச் சோறு போடும். அதனால தரையை ஒட்டி வெட்டணும். உயரமா விட்ட கட்டையில துளிர்க்கிறது மண்ணுல வேர் பிடிக்காமத் தள்ளாடும். முளைக்காத இடத்துல நாத்து வெச்சு நிரப்பணும். தழைச்சத்து கூடுதலாகவும் சீக்கிரமாகவும் போடணும். சோகையைக் கொளுத்தாம வரிசைக்கு நடுவுல பரப்பினா, ஈரம் நிக்கும்.

வெட்டினாலும் துளிர்க்கிற இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னாடி ஒரு காட்டுச் சொந்தம் இருக்கு. கோவையில 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், இனிப்புக் கரும்பையும் நாணல் மாதிரி வளர்ற பேய்க்கரும்பையும் கலந்து 'கோ 205' ரகத்தை உருவாக்கி, 1918-ல் வெளியிட்டது. வறட்சியைத் தாங்குற, திரும்பத் துளிர்க்கிற குணம் பேய்க்கரும்பு கொடுத்த சீதனம்.

பிரேசில்ல செர்ராடோ புல்வெளிப் பகுதியில பெரும்பாலும் மழையை நம்பியே, ஒரு தடவை நட்டு அஞ்சு தடவை வரைக்கும் வெட்டுறாங்க. நம்ம ஊர்ல ஒண்ணு, ரெண்டு கட்டையோட நிறுத்துறதுதான் வழக்கம். அதுக்கே கிணத்துல தண்ணி வேணும். கிணறு ஊற மழை வேணும். வருஷத்துல பல மாசம் மணலாக் கிடந்த நாகநதிக்காக, இந்தப் பகுதிக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல சேர்ந்து நீர்செறிவுக் கிணறு கட்டினது இதே தாகத்துக்குத்தான்.

உங்க கிளாஸ்ல கரும்பு போடுற வீட்டு ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, "இந்த வருஷம் கட்டை விடுறீங்களா, உழுதுடுறீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் எங்கேயிருந்து வருதுன்னும் சேர்த்தே தெரிஞ்சிடும்.