மொய் நோட்டும் ரசீதுப் புத்தகமும்

பள்ளியில் என்னை மிகவும் பயமுறுத்தியது திக்தே. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆசிரியர் ஒரு பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். மொத்தம் 20 மார்க். ஒரு இலக்கணப் பிழைக்கு 4 மார்க் போகும். ஐந்து பிழை விட்டால் சுழி.

வகுப்பில் ஒருவன் எப்போதும் முதலில் வருவான். வீட்டிலேயே பிரெஞ்சு பேசும் குடும்பம். அவன் தாளைப் பார்த்துப் பார்த்து நான் ஏங்குவேன். ஒருநாள் ஆசிரியர் என் நோட்டின் ஓரத்தில் 11, 8 என்று இரண்டு எண்களை எழுதினார். "போன வாரம் 11 பிழை. இந்த வாரம் 8. நீ பார்க்க வேண்டியது அவன் தாளை இல்லை, உன் போன வாரத்துத் தாளை" என்றார். மார்க் என்னவோ இரண்டு வாரமும் சுழிதான்.

அந்தப் பாடத்தை அறுபத்தைந்து வயதுக்கு மேல் நான் மறந்துபோனேன். அதனால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு ஒரு வருடம் நின்றது. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் பகுதியில் ஒரு சிறிய கல்வி உதவிச் சங்கத்துக்குப் பொருளாளர் ஆனேன். கருவூலத்தில் முப்பது வருடம் பில் பார்த்தவன் என்பதால் கேட்காமலே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். சங்கத்தின் வேலை ஒன்றுதான். அப்பா இல்லாத, அல்லது இருந்தும் பயனில்லாத வீட்டுப் பிள்ளைகள் 22 பேருக்கு ஜூன் மாதம் படிப்புக் கட்டணம் கட்டுவது. ஆளுக்குச் சராசரி 8,000 ரூபாய். 2015இல் 96 பேர் நன்கொடை கொடுத்தார்கள், மொத்தம் 1,62,000 ரூபாய். பழைய இருப்பைச் சேர்த்துச் சமாளித்துவிட்டோம். ஆனால் இருப்பு தீர்ந்துவிட்டது.

அடுத்த ஆண்டுக்கு என்ன செய்யலாம் என்று கமிட்டி கூடியது. நான்தான் வாயைக் கொடுத்தேன். பிரான்சில் கொலுஷ் என்ற நகைச்சுவை நடிகர் 1985இல் ஏழைகளுக்குச் சாப்பாடு போட 'ரெஸ்தோ து கேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் குளிர்காலத்திலேயே 85 லட்சம் சாப்பாடு. அவர் 1986இல் விபத்தில் இறந்த பிறகும் அது நிற்கவில்லை. பாடகர்களும் நடிகர்களும் சேர்ந்து வருடா வருடம் இசை நிகழ்ச்சி நடத்தி அதற்குப் பணம் திரட்டுகிறார்கள். இதையெல்லாம் நான் ரசித்து ரசித்துச் சொன்னேன். கேட்டவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. நாமும் ஒரு மெல்லிசை இரவு நடத்துவோம், ஐந்து லட்சம் இலக்கு என்று முடிவானது. அந்த ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

நான் சொல்ல மறந்தது ஒன்று உண்டு. அந்தப் பிரெஞ்சுப் பாடகர்கள் கூலி வாங்காமல் பாடுகிறார்கள். நாங்களோ இசைக்குழுவுக்குப் பணம் கொடுத்தோம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, நோட்டீஸ், மலர் அச்சு, வந்தவர்களுக்குச் சிற்றுண்டி என்று 1,86,000 ரூபாய் செலவு. டிக்கெட்டும் விளம்பரமும் சேர்ந்து வரவு 2,11,000. கையில் நின்றது 25,000. அதாவது 100 ரூபாய் திரட்ட 88 ரூபாய் செலவு. ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போன காலத்தில் தபால், பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்தே 100க்கு 4 ரூபாய்தான் ஆனது.

இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. மூன்று மாதம் எல்லோரும் டிக்கெட் விற்க அலைந்ததில், வழக்கமாகக் கொடுப்பவர்களின் வாசலுக்கு ஒருவரும் போகவில்லை. அந்த வரவு 84,000 ஆகச் சுருங்கியது. ஆக மொத்தம் 1,09,000. பதின்மூன்று பிள்ளைகளுக்குக் கட்டினோம். ஒன்பது பேருக்கு இல்லை என்றோம்.

அந்த ஒன்பதில் ஒரு பெண் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் போக வேண்டியவள். அவள் அம்மா வீட்டு வேலை செய்பவர். என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நான் கணக்கை எடுத்து விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே, "பரவாயில்லைங்க ஐயா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எழுந்துவிட்டார். தீபாவளிக்கு வேட்டி எடுக்கப் போன கடையில் அந்தப் பெண் எனக்கு வேட்டி பிரித்துக் காட்டினாள். "கரை பெரிசா வேணுமா, சின்னதா வேணுமா ஐயா?" என்று கேட்டாள். எந்தக் கரை எடுத்தேன் என்று நினைவில்லை.

அன்று இரவு வீட்டில் என் மனைவி பழைய மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உறவில் ஒரு கல்யாணம், எவ்வளவு வைப்பது என்று பார்க்க. நான் சும்மா இருக்காமல், "இந்தக் காலத்திலும் இதைப் பார்க்கணுமா?" என்றேன்.

"ஏங்க, நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க, என்ன செஞ்சாங்க, நாம அவங்க வீட்டுக்கு எப்போ திருப்பிப் போனோம், எல்லாம் இதுல இருக்கு. யாரையும் விட்டுடக் கூடாதுல்ல? உங்க சங்கத்துல இப்படி ஒரு நோட்டு இருக்கா?"

இல்லை. எங்களிடம் இருந்தது ரசீதுப் புத்தகங்களும் ஒரு வரவு செலவுக் கணக்கும். எவ்வளவு வந்தது என்று தெரியும். யார் வராமல் போனார் என்று தெரியாது.

மறுநாளே ஐந்து வருட ரசீது அடிக்கட்டைகளைக் கட்டிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீளமான நோட்டில் ஒரு பக்கம் பெயர்கள், எதிரே ஐந்து வருடத்துக்கு ஐந்து கட்டம். பத்து நாள் வேலை. முடிவில் 143 பெயர்கள் வந்தன. 2015இல் கொடுத்த 96 பேரில் 2016இல் மறுபடி கொடுத்தவர்கள் 41 பேர். மீதி 55 பேர் நம்மைத் திட்டவில்லை, சண்டை போடவில்லை, சும்மா நின்றுவிட்டார்கள்.

41 என்பது நல்லதா கெட்டதா? தனியாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. பாரிஸைப் பார்த்து ஏமாந்தது போதும் என்று, இந்த முறை எங்கள் அளவிலேயே இருக்கும் இரண்டு சங்கங்களைத் தேடிப் போனேன். ஒன்று புதுவையில், மற்றொன்று கடலூரில். அதே மாதிரி வேலை, அதே மாதிரி மனிதர்கள். இரண்டு பொருளாளர்களும் கூச்சப்படாமல் கணக்கைக் காட்டினார்கள். நான்கு கேள்விதான் கேட்டேன். 100 பேர் கொடுத்தால் மறு வருடம் எத்தனை பேர் திரும்புகிறார்கள்? 100 ரூபாய் திரட்ட எவ்வளவு செலவு? எந்த மாதத்தில் பணம் வருகிறது? மொத்தத்தில் ஒரே ஆள் கொடுப்பது எவ்வளவு?

செலவில் நாங்கள் பழைய முறையில் அவர்களுக்குச் சமம். ஒரே பெரிய கையை நம்பி இல்லை என்பதில் அவர்களைவிட மேல். திரும்பி வருபவர் கணக்கில்தான் அடி வாங்கினோம். அவர்களுக்கு 100க்கு 70, 64. எங்களுக்கு 43. காரணத்தைக் கேட்டால் இருவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றே. பணம் வந்த வாரத்திலேயே ரசீதும் நாலு வரி நன்றியும் போகும். பிள்ளை பாஸானதும் இன்னொரு கடிதம். நாங்கள் ரசீதை ஆறு மாதம் கழித்து, ஆள் எதிரில் வந்தால் கொடுப்போம்.

நின்றுபோனவர்களையெல்லாம் பார்ப்பது என்று கிளம்பினேன். சிலர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். சிலர், "நீங்க வரவே இல்லையே" என்று அங்கேயே ஜிப்பாவில் கைவிட்டார்கள். இன்னும் சிலர் எங்கள் மெல்லிசை இரவு மலரைக் காட்டி, "இவ்வளவு வழவழப்பா புத்தகம் போடுறீங்க, உங்களுக்கு எதுக்கு என் 300 ரூபா?" என்றார்கள். அது நியாயமான கேள்வி.

ஒரு வீட்டில் தட்டியபோது கதவைத் திறந்தவர் ஒரு சொல்தா. எங்கள் ஊரில் சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எண்பதைத் தாண்டியவர். நோட்டில் இருந்தது அவர் பெயரில்லை, அவர் மனைவி பெயர். வருடம் தவறாமல் 500 ரூபாய், 2014 வரை.

"அவ போயிட்டா தம்பி. ரெண்டு வருஷமாச்சு. தென்னை மரத்துக் காசுல உங்களுக்குன்னு எடுத்து வைப்பா. சாவுக்கு ஒருத்தரும் வரலியே உங்க சங்கத்துலேர்ந்து" என்றார்.

எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. அவர் உள்ளே போய் 500 ரூபாய் கொண்டுவந்து நீட்டினார். "அவ பேருல எழுதிக்கோ."

அதையும் வாங்க முடியவில்லை. காரணம் சட்டம். 1962 ஆகஸ்டு 16இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இவர் வைத்துக்கொண்டார். இவர் மனைவி இந்தியக் குடிமகள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பது, புதுச்சேரியில் உட்கார்ந்து ரூபாயாகக் கொடுத்தாலும், வெளிநாட்டுப் பணம்தான். பதிவு பெறாத சங்கம் அதைத் தொடக் கூடாது. அந்தப் பதிவுக்கு இப்போது மூன்று ஆண்டில் 15 லட்சமாவது செலவு காட்ட வேண்டும். எங்களுக்கு எட்டாத தூரம். நம் ஊரில் பல வீடுகளில் ஒருவருக்காவது பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருப்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். பிரான்சில் இருக்கும் மகன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி மூலம் அனுப்பினால் தடையில்லை. குடியுரிமை மாறிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும் கூடாது.

இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசுதானே ஆகாது? காலு ஆகுமில்ல?" என்றார். மறுநாள் காலை தொப்பியும் தடியுமாக என் வீட்டு வாசலில் நின்றார். மீதி வீடுகளுக்கு அவரோடுதான் போனேன். "என் காசு செல்லாதாம். உன் காசு செல்லும், எடு" என்று அவர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த வருடம் கமிட்டியில் ஒரே ஒரு தாளில் திட்டம் எழுதி வைத்தேன். அலுவலகத்தில் பட்ஜெட் மதிப்பீடு எழுதிய பழக்கம் அப்போதுதான் உதவிக்கு வந்தது. இலக்கைப் பிள்ளைகளின் தலையை எண்ணிப் போட்டேன்: 22 பேர், ஆளுக்கு 8,500, மொத்தம் 1,87,000. "தாராளமாக உதவுங்கள்" என்பதை அடித்துவிட்டு, "ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் 8,500, அதில் உங்களால் முடிந்தது" என்று எழுதினோம். கொலுஷிடமிருந்து நாங்கள் எடுத்திருக்க வேண்டியது இதைத்தான். அவர் கேட்டது ஒரு சாப்பாடு. கேட்டவுடன் எவருக்கும் விளங்கும்.

அடுத்து மாதக் கணக்கு. ஜனவரியில் நோட்டைப் பார்த்து நின்றவர்களைக் குறிப்பது. மார்ச்சுக்குள் வருமான வரி கட்டுபவர்களைப் பார்ப்பது, ஏனென்றால் 80ஜி கழிவு அந்த நிதியாண்டோடு போய்விடும். 2017 ஏப்ரல் முதல் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது என்பதால் அவர்களிடம் காசோலை கேட்பது. ஏப்ரல், மே மற்ற வீடுகள். ஜூனில் கட்டணம். ஜூலையில் யாருக்குக் கட்டினோம் என்று எல்லோருக்கும் கடிதம். இப்போது இதோடு மே 31க்குள் 10பிஇ சான்றிதழும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பாமல் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அந்தச் சாக்கில் ஒரு முறை பார்த்தது போலவும் ஆகும்.

2017இல் வந்தது 1,58,000. இலக்கை எட்டவில்லை. முன்வருட இருப்பு 5,000 சேர்த்து 19 பேருக்குக் கட்டினோம், மூன்று பேருக்கு இல்லை என்றோம். 2018இல் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. கொரோனா வருடத்தில் மறுபடி ஆறு. கடை மூடிக் கிடந்தவர்களிடம் பணம் கேட்கப் போகவில்லை. நலம் விசாரிக்க மட்டும் போன் செய்தோம். கடை திறந்ததும் அவர்களில் பலர் தாமாகவே கொடுத்தார்கள்.

அந்தப் பாலிடெக்னிக் பெண் 2017இல் மறுபடி சேர்ந்தாள், முடித்தாள், வேலையில் இருக்கிறாள். ஆனால் அந்த ஒரு வருடத்தை எந்த வரவிலும் வைக்க எனக்குத் தெரியவில்லை. சொல்தா இப்போது இல்லை. அவர் சாவுக்கு எங்கள் கமிட்டி முழுவதும் போனது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் ஒரே ஒரு வரிசை வைத்திருக்கிறேன், எத்தனை பிள்ளைகளுக்கு இல்லை என்றோம் என்று. 2016: 9. 2017: 3. 2018: 0. இப்படியே கீழே போகிறது. ஒவ்வொரு ஜூனிலும் முதலில் போன வருடத்து எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வருடத்து எண்ணை எழுதுகிறேன். போன வருடம் இரண்டு.

படிக்கிற உங்களில் பலரும் ஏதோ ஒரு சங்கத்திலோ, கோயில் கமிட்டியிலோ, நூலகத்திலோ இருப்பீர்கள். இந்த வாரம் ஒருநாள் பழைய ரசீது அடிக்கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். யார் நின்றுபோனார் என்று பாருங்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.